பினாங்குல கப்பல் நிக்கிற அன்னைக்கு மழை பெஞ்சா என்ன செய்யலாம்?

மாட்டுத்தாவணி மணி:

வணக்கம். தீபாவளி லீவுக்கு மதுரையில இருந்து சிங்கப்பூர் போயி, அங்கிருந்து மூணு ராத்திரி கப்பல் டூர். நடுவுல ஒரு பகல் பினாங்கு. காலையில 9 மணிக்குக் கரை கட்டும், சாயந்தரம் 6 மணிக்குக் கிளம்பும்னு அட்டவணையில போட்டிருக்கு. ஆறு பேரு: நாங்க ரெண்டு பேரு, பிள்ளைக ரெண்டு (8, 13 வயசு), அப்பா, அம்மா. அம்மாவுக்கு 70 வயசு, முழங்கால் வலி, சுத்த சைவம்.

பினாங்கு மலை ரயிலு, தண்ணீர்மலை முருகன், கெக் லோக் சி புத்தர் கோயிலு மூணையும் ஒரே நாள்ல பாத்துறலாம்னு எழுதி வச்சிருந்தேன். இப்பப் பாத்தா ஐப்பசியில அங்கயும் மழைங்கிறாங்க. கீழ உள்ளதுக்குத் தெரிஞ்சவங்க சொல்லுங்க:

1. அங்க மழை நம்ம ஊரு அடைமழை மாதிரி நாள் பூரா பிடிக்குமா?
2. மழையில அம்மாவைக் கூட்டிட்டுப் போற மாதிரி எதெது இருக்கு?
3. கப்பல்காரங்க விக்கிற டூரை வாங்குறதா, நாமளே சுத்துறதா?

---

கீழவாசல்:

மணி தம்பி, அந்த மூணையும் ஒரே நாள்ல முடிக்கலாம்னு எழுதுனதை முதல்ல அடிச்சிருங்க. வெயில் நாள்லயே இழுபறி, மழை நாள்ல நடக்காது.

முதல்ல நேரக் கணக்கு. 9 மணிக்குக் கரை கட்டுதுன்னா 9 மணிக்கு நீங்க ரோட்ல நிப்பீங்கன்னு அர்த்தமில்ல. துறைமுக அதிகாரிங்க அனுமதி குடுத்து, மேல் தளத்துக் கூட்டம் இறங்கி, குடிநுழைவு வரிசை தாண்டி வெளிய வர 10 ஆயிரும். 6 மணிக்குக் கிளம்புற கப்பலுக்கு 5 அல்லது 5.30-க்குள்ள ஏறியிருக்கணும்; சரியான நேரத்தை அன்னன்னைக்கு அறைக்கு வர்ற தாள்லயோ கப்பல் ஆப்லயோ போடுவாங்க. ஆக, கையில உள்ளது ஏழு மணி நேரம். அதுல மலை ரயிலு மட்டுமே நாலு மணி நேரத்தைத் தின்னுரும்: துறைமுகத்துல இருந்து ஆயர் ஈத்தாம் அடிவாரம் சுமார் 9 கிலோமீட்டர், மழைன்னா காருல முக்கா மணி நேரம், அப்புறம் வரிசை, மேல கொஞ்ச நேரம், திரும்ப அதே வரிசை, அதே ரோடு. மழையில மேல போனா சுத்தி வெள்ளை மேகம்தான், கீழ உள்ள ஜார்ஜ் டவுனும் (பினாங்கோட தலைநகரு, கப்பல் நிக்கிற ஊரு) தெரியாது, கடலும் தெரியாது. மலையோட உயரம் 833 மீட்டர். 2,100 மீட்டருக்கு மேல இருக்கிற கொடைக்கானல்ல மேகத்துக்குள்ள நின்னு பாத்த நமக்கு, அதுக்காக ஏழு மணி நேரத்துல நாலைக் குடுக்கிறது நட்டம்.

மழையோட குணம்: பினாங்கு மேற்குக் கரையில இருக்கு. நம்ம வடகிழக்குப் பருவமழை அங்க மலேசியாவோட கிழக்குக் கரையைத்தான் அடிக்கும், நடுவுல தித்திவாங்சா மலைத்தொடர் தடுத்துரும். பினாங்குக்கு மழை அதிகம் செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும், பருவம் மாறுற நேரம். பெரும்பாலும் மதியத்துக்கு மேல இடிமின்னலோட ஒண்ணு ரெண்டு மணி நேரம் கொட்டும், விட்டுரும். அடைமழை மாதிரி மூணு நாள் பிசுபிசுன்னு பிடிக்கிறது குறைவு. ஆனா அடிக்கிறப்ப குடை நிக்காது.

இனி விஷயத்துக்கு வர்றேன். கப்பல் கட்டுற ஸ்வெட்டன்ஹாம் துறை ஊருக்குள்ளயே இருக்கு. வேற பல தீவுல இறங்கி ஒரு மணி நேரம் பஸ்ல போகணும். இங்க வாசலைத் தாண்டுனா எதிர்ல விக்டோரியா மணிக்கூண்டு. (ராணியோட 60 வருச ஆட்சிக்கு ஒரு வருசத்துக்கு ஒரு அடின்னு 60 அடி உயரம். லேசா சாஞ்சு நிக்கும், உங்க கண்ணுல கோளாறு இல்ல.) அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குள்ள ஒரு முழு நாளைக்கு ஆன சமாச்சாரம் இருக்கு. 2008-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தது இந்தப் பழைய ஊரைத்தான்.

மழைக்கு இந்த ஊரு தோதுன்னு சொல்றதுக்குக் காரணம் அஞ்சடி. கடை வீட்டுக்கு முன்னாடி, மாடியைத் தூண்ல தாங்கி, கீழ அஞ்சு அடி அகலத்துக்கு நடைபாதை விட்டிருப்பாங்க. மலாய்க்காரங்க காக்கி லிமாம்பாங்க. 1822-ல சிங்கப்பூரை உருவாக்குன ஆங்கில அதிகாரி ராஃபிள்ஸ், அந்த நகரத் திட்டத்துல போட்ட விதி, இந்தப் பக்கத்து ஊருகளுக்கும் பரவுச்சு. நம்ம புதுமண்டபத்துக்குள்ள நடக்கிற மாதிரி, மழை வெளிய கொட்டும், நீங்க உள்ள நடப்பீங்க.

ஆனா அஞ்சடியில மூணு வில்லங்கம் இருக்கு, அம்மாவை வச்சுக்கிட்டு இதைத்தான் கவனிக்கணும். ஒவ்வொரு கடைக்காரரும் தன் தரையைத் தன் இஷ்டத்துக்கு உசத்தியிருப்பாரு, அதனால கடைக்குக் கடை அரை சாண், ஒரு சாண் ஏத்தம் இறக்கம். தரையில பழைய பூப்போட்ட ஓடு, அதுல நாலு பேரு ஈரச் செருப்போட நடந்துட்டா வழுக்குப்பாறைதான். மூணாவது, மோட்டார் பைக்கைக் குறுக்க நிறுத்தி வச்சிருப்பாங்க, நீங்க ரோட்ல இறங்கி ஏறணும், அந்த இடத்துல ரோட்டுக்கும் நடைபாதைக்கும் நடுவுல சாக்கடை. மழையில சாக்கடைக்கு மேல தண்ணி நின்னா மூடி எங்க இருக்கு, இல்லைங்கிறது தெரியாது. பாதிப் பேரு விழுகிறது இந்த இடத்துலதான். குதிக்காம, சிலாப் போட்ட கடை வாசல் வரைக்கும் நடந்து போயி ஏறுங்க. சக்கர நாற்காலி அஞ்சடியில உருளாது.

---

திருப்பத்தூர் ரோடு:

கீழவாசல் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். போகும் வரிசையை மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் கோயில் நடை சாத்தும் நேரம் இடிக்கும்.

முதலில் லெபு குயீன் தெருவிலுள்ள ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில். 1833-இல் கட்டியது, பினாங்கின் பழமையான இந்துக் கோயில். நம் ஊர்க் கோயில்களைப் போலவே உச்சிக்காலம் முடிந்ததும் நடை சாத்திவிடுவார்கள். 11 மணிக்குள் உள்ளே இருக்கும்படி போய்விடுங்கள். மணிக்கூண்டிலிருந்து கோயில் பத்து, பன்னிரண்டு நிமிட நடை. இதில் மணிக்கூண்டு வட்டத்தைச் சுற்றியுள்ள முதல் பகுதிதான் கூரையில்லாத வெட்டவெளி. மழை கொட்டிக்கொண்டிருந்தால் துறைமுகக் கட்டடத்துக்குள்ளேயே கால் மணி நேரம் நின்று பாருங்கள், அல்லது அந்தத் துண்டுக்கு மட்டும் கார் பிடியுங்கள்.

கோயிலிலிருந்து லெபு பாசார் வழியாகப் போனால் லிட்டில் இந்தியா கடைகள், அப்பால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். சூலியா தெருவில் நாகூர் தர்கா ஒன்று இருக்கிறது. நாகூர் ஆண்டவர் பெயரில் தமிழ் முஸ்லிம்கள் 1800-களின் தொடக்கத்தில் எழுப்பியது. தெருவுக்குச் சூலியா என்று பெயர் வந்ததே சோழமண்டலக் கரையிலிருந்து போன அந்த மக்களால்தான்.

நடை சாத்தியபின் வீடுகளுக்குள் போங்கள். மழை நாளில் பினாங்கு பார்க்க வேண்டிய இடம் வீடுதான், மலை இல்லை. சர்ச் தெருவில் பெரனாக்கான் மாளிகை இருக்கிறது (பெரனாக்கான் என்பது அங்கேயே பிறந்து வளர்ந்து மலாய்ப் பழக்கமும் கலந்த சீனர்கள்; அவர்களின் பழைய வீடு இப்போது அருங்காட்சியகம்). துறைமுகத்திலிருந்து பத்து நிமிடத்துக்குள். உள்ளே நுழைந்ததும் நடுவில் கூரையில்லாத முற்றம். மழை நேரே உள்ளே விழுந்து, கல் தளத்தில் தெறித்து, ஓரத்து வடிகாலில் இறங்கும். சுற்றிலும் தாழ்வாரத்தில் நின்று பார்க்கலாம். காரைக்குடி, கானாடுகாத்தான் வீட்டு வளவில் மழை பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது: வீட்டுக்குள் விழும் தண்ணீர் செல்வம் என்பது சீனர்களின் நம்பிக்கை, சேந்தி வைத்தால் குடிநீர் என்பது செட்டிநாட்டுக் கணக்கு. வெயில் நாளில் இந்த முற்றம் வெறும் வெளிச்சத் துவாரம். மழையில்தான் அதன் வேலை புரியும்.

இன்னொன்று லீத் தெருவிலுள்ள, செயோங் ஃபாட் ஸி என்ற சீன வணிகரின் நீல மாளிகை: 38 அறைகள், 5 முற்றங்கள், 220 சன்னல்கள். ஆனால் அது தள்ளி இருக்கிறது, ஒரு பகுதி ஓட்டலாகவும் நடக்கிறது, உள்ளே போக முன்பதிவு வேண்டும். இரண்டு மாளிகையும் பார்க்க அம்மாவுக்குக் கால் தாங்காது. ஒன்று போதும், பெரனாக்கான் மாளிகையையே எடுங்கள். மாடிக்குப் படி உண்டு; கீழ்த்தளமே கண்ணுக்கு நிறையும்.

நேரமும் தெம்பும் மிச்சமிருந்தால் கேனன் சதுக்கத்துக் கூ கொங்சி. 1901-இல் எரிந்துபோய், 1906-இல் மறுபடி கட்டி முடித்த சீனக் குலக்கோயில். முன்னால் கல் பாவிய பெரிய முற்றம், அது முழுக்கத் திறந்தவெளி, ஈரத்தில் கல் வழுக்கும்.

சூ ஜெட்டி என்று கடலுக்குள் பலகையில் கட்டிய குடியிருப்பை எல்லாரும் சொல்வார்கள். மழையில் வேண்டாம். பலகைப் பாதை ஈரமானால் பாசி, சில இடங்களில் கைப்பிடி இல்லை.

---

ஒத்தக்கடை செல்வி:

தண்ணீர்மலை பத்தி யாரும் சொல்லல. மேல உள்ள பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. முழங்கால் வலி உள்ளவங்களுக்கு வெயில்லயே ஆகாது. அழகர்கோயில்ல இருந்து பழமுதிர்சோலைக்கு வண்டி போற மாதிரி நெனச்சுட்டுப் போயிறாதீங்க. அம்மாவுக்கு முருகனைப் பாக்கணும்னு ஆசையிருந்தா அதே தண்ணீர்மலை ரோட்ல கீழ நாட்டுக்கோட்டை நகரத்தார் தண்டாயுதபாணி கோயில் இருக்கு, தரை மட்டத்துல, தேக்குத் தூண் வச்ச மண்டபத்தோட. வாசல் வரைக்கும் காரு போகும். ஆனா அதுவும் மதியம் சாத்திருவாங்க. அதனால இறங்குன உடனே நேரா காருல அங்க போயிட்டு, அப்புறம் டவுனுக்கு வாங்க. மாரியம்மன் கோயிலா இதுவான்னு ஒண்ணைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

வாடகைக் கார் கூப்பிடுற கிராப் (Grab) ஆப்பை மதுரையிலயே போட்டு, நம்ம நம்பருக்கு வர்ற ஓடிபியைப் போட்டு கணக்கைத் திறந்து வச்சுக்கங்க. அங்க போயி சிம்மை மாத்துன பிறகு திறந்தா ஓடிபி வராது, துறைமுக வாசல்ல தவிப்பீங்க. ஆறு பேருன்னா ஆறு சீட்டு வண்டின்னு தனியாத் தேடணும், நாலு சீட்டு வண்டியில ஆறு பேரை ஏத்த மாட்டாங்க. மழை பிடிச்ச பத்தாவது நிமிசம் கட்டணம் ஏறும், அரை மணி பொறுத்தா இறங்கும்.

இலவச பஸ்ஸும் இருக்கு, 'கேட்' (CAT)னு சொல்லுவாங்க. வெல்ட் கீ ஜெட்டி பஸ் நிலையத்துல இருந்து பழைய ஊரைச் சுத்தி கொம்தார்ங்கிற உயரமான கட்டடம் வரைக்கும் போயித் திரும்பும். டிக்கெட் கிடையாது. அம்மா ஓய்ஞ்சு போனா அதுல ஒரு சுத்து உக்காந்துட்டு வந்தாலே ஊரு பாத்த மாதிரிதான். காசு குடுத்துப் போற மத்த பஸ்ல சில்லறை சரியா வச்சிருக்கணும், மீதி தர மாட்டாங்க. 1 ரிங்கிட் நம்ம காசுக்கு 20 ரூபாய்க்கு மேல.

---

மாட்டுத்தாவணி மணி:

எல்லாருக்கும் நன்றி. மலையை அடிச்சாச்சு. செல்விக்கா, துணிமணி, செருப்பு எப்படி? அம்மா சேலைதான் கட்டுவாங்க. சாப்பாட்டுக்கு என்ன வழி? அப்புறம் அந்தக் கப்பல் டூர் கேள்வி அப்படியே நிக்குது.

---

ஒத்தக்கடை செல்வி:

புதுச் சுங்குடி வேண்டாம். கல்லுப்புத் தண்ணியில ரெண்டு மூணு தடவை ஊறப்போட்டு அலசாத சுங்குடியா இருந்தா, ஒரு மழையில சாயம் எறங்கி உள்பாவாடை, ரவிக்கை வரைக்கும் சிவப்பாயிரும். பழைய நைலக்ஸோ பாலியஸ்டரோ போதும், அறைக்குப் போயி உதறிப் போட்டா ஒரு மணி நேரத்துல காயும். கணுக்காலுக்கு மேல தூக்கிக் கட்டச் சொல்லுங்க, அஞ்சடி ஏத்த இறக்கத்துல நனைஞ்ச கொசுவம் காலைத் தட்டிவிடும். பிள்ளைகளுக்கு ஜீன்ஸ் போடாதீங்க, அது கப்பல் அறையில மறுநாளும் காயாது.

செருப்பு: அடியில பள்ளம் வெட்டுன ரப்பர், பின்னால வார் உள்ளது. ஹவாய் செருப்பு அடி வழுவழுன்னு தேஞ்சிருக்கும், அந்த ஓட்டுத்தரைக்கு எமன். ஷூவும் வேண்டாம், கோயில், பள்ளிவாசல்னு நாலு இடத்துல கழட்டணும்.

குடையை விட, தலைவழியாப் போடுற மழைக்கோட்டு நல்லது. அஞ்சடிக்குள்ள ஆறு பேரும் குடை விரிச்சா எதிர்ல வர்றவங்க கண்ணைக் குத்தும், மடக்குனா சொட்டுற தண்ணி அந்த ஓட்டையே வழுக்க வைக்கும். ஒரு குடை அம்மாவுக்கு ரோடு தாண்ட மட்டும். பாஸ்போர்ட், கப்பல் அட்டை, போனு மூணையும் ஜிப் கவர்ல போட்டுருங்க. பையில ஒரு ஈரமில்லாத துண்டும் ஆளுக்கொரு மேல்சட்டையும் கட்டாயம். நனைஞ்ச துணியோட கப்பல் ஏசிக்குள்ள நொழைஞ்சா அன்னைக்கு ராத்திரியே பிள்ளைகளுக்குத் தும்மல்.

---

கீழவாசல்:

சாப்பாடு. லிட்டில் இந்தியாவுல இலைச் சாப்பாடு, தோசை, இட்லி எல்லாம் தமிழ்லயே கேட்டு வாங்கலாம். அம்மாவுக்கு அங்கயே முடிச்சிருங்க. மத்த இடத்துல 'சைவம்'ங்கிற வார்த்தையை நம்பாதீங்க. அசாம் லக்சாங்கிற புளிப்பு நூடுல்ஸோட சாறே மீனுதான். காய்கறி வதக்கல்லயும் சம்பால்ங்கிற மிளகாய்ச் சட்னியிலயும் பெலாச்சான் கிடக்கும், அது கூனி இறால் விழுது. பசெம்பூர்ங்கிற காய்கறிக் கலவையில இறால் வடை. பரோட்டா மாதிரி இருக்கிற ரொட்டி சானாய் பெரும்பாலும் சைவம், ஆனா மேல ஊத்துற பருப்புல மீன் குழம்பைக் கலந்து குடுக்கிறதும் உண்டு, "பருப்பு மட்டும் தனியா"ன்னு சொல்லணும்.

நீங்க அசைவம்னா நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் தோள்ல தண்டு வச்சு ரெண்டு பக்கமும் சோறு, குழம்புன்னு தூக்கி வித்தது; கண்டார்ங்கிறது அந்தத் தண்டு. நாலு குழம்பையும் ஒண்ணு மேல ஒண்ணா ஊத்துறதுதான் அதோட முறை, தனித்தனியாக் கேக்காதீங்க.

பிள்ளைகளுக்குச் செண்டோல்: துருவுன ஐஸ், தேங்காய்ப்பால், பனை வெல்லப் பாகு, பச்சை அரிசிமாவு நூலு, சிவப்புப் பயறு. ஜிகர்தண்டா குடிச்சு வளந்த வாய்க்கு முதல் வாய் தண்ணியாட்டம் இருக்கும், ஐஸ் கரையக் கரையப் பிடிபடும். இது சைவம், அம்மாவும் சாப்பிடலாம்.

இன்னொரு திருத்தம். மழை மதியத்துக்கு மேலன்னு நான் சொன்னதை வேதவாக்கா எடுத்துக்காதீங்க. அந்தச் சமயத்துல 'சுமத்ரா'ன்னு ஒண்ணு உண்டு: ராத்திரி சுமத்ரா பக்கம் உருவான இடிமழை வரிசை, மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியக்காலையிலயோ காலையிலயோ வந்து அறையும். பலமான காத்தோட வரும், ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல கடந்துரும். காலையில கப்பல் மேல்தளத்துல நின்னு மேற்க கருகருன்னு ஒரு கோடு தெரிஞ்சா, இறங்க அவசரப்படாம நிதானமாச் சாப்பிட்டுட்டு இறங்குங்க. மலேசிய வானிலைத் துறையோட மைசுவாச்சா (myCuaca) ஆப்புல ரேடார் படம் பாக்கலாம். பொதுவான வானிலை ஆப்புல அங்க தினமும் இடிமின்னல் படம்தான் போட்டிருக்கும், அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

மின்னல் வெட்டுறப்ப கார்ன்வாலிஸ் கோட்டை, அதை ஒட்டுன பாடாங் மைதானம் ரெண்டும் வேண்டாம், மொட்டை வெளி.

---

மீனாட்சி பஜார்:

டூர் கேள்விக்கு நான்.

கப்பல் விக்கிற டூர்ல போயி ரோட்ல மாட்டிக்கிட்டா கப்பல் பொறுத்திருக்கும், அல்லது அவங்க செலவுல சேத்து விடுவாங்க. நீங்களாப் போயி லேட்டானா கப்பல் போயிரும். வித்தியாசம் அவ்வளவுதான். ஆயர் ஈத்தாம் மாதிரி தூரத்துக்குப் போறவங்களுக்கு அந்தக் காசு தகும். துறைமுகத்துல இருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குள்ள சுத்துறவங்களுக்குத் தண்டம். அதோட, புயல் மழையால கப்பல் பினாங்கைத் தொடாமப் போறதுக்குக் கேப்டனுக்கு உரிமை இருக்கு. அப்ப கப்பல் டூர்க் காசு திரும்பி வரும். நீங்களா வெளிய முன்பணம் கட்டுன வண்டி, மாளிகை டிக்கெட் எல்லாம் போனது போனதுதான். அதனால எதையும் முன்கூட்டிக் கட்டாதீங்க.

திரும்புறதுக்கு 4 மணியைக் கெடுவா வச்சுக்கங்க. சாயந்தரம் ஆபீஸ் விடுற நேரமும் மழையும் சேந்தா டவுனுக்குள்ளயே வண்டி நகராது. கடல் ஏத்தமும் கனமழையும் ஒரே நேரத்துல வந்தா சாக்கடை கடலுக்குள்ள வடியாது, ஜாலான் பி. ராம்லி மாதிரி பள்ளமான ரோட்ல முழங்கால் தண்ணி நிக்கும். நீங்க நடக்கிற பழைய ஊரு துறைமுகத்தை ஒட்டி இருக்கிறதால, எதுவும் ஓடலைன்னாலும் நடந்தே வந்துறலாம். அம்மாவுக்குப் பெச்சா பிடிக்கலாம்: முன்னால உக்காந்து பின்னால மிதிக்கிற ரிக்‌ஷா, மழைக்கு பிளாஸ்டிக் திரை இழுத்து விடுவாங்க. ஏறுறதுக்கு முன்னாடியே வாடகை பேசிருங்க.

காகிதம்: சிங்கப்பூர்ல ஏறி சிங்கப்பூர்லயே இறங்குறதால, ஒரு தடவைக்கு மேல நுழைய அனுமதி உள்ள சிங்கப்பூர் விசா வேணும். விசா தாள் வந்ததும் இதைத்தான் முதல்ல பாக்கணும். கப்பல்ல இருந்து திரும்புறது ரெண்டாவது நுழைவு, அதனால சிங்கப்பூர் வருகை அட்டையையும் மறுபடி நிரப்பணும். மலேசியாவுக்கு இந்தியர்களுக்கு 30 நாள் வரைக்கும் விசா விலக்கு 2026 டிசம்பர் 31 வரைக்கும் உண்டு. மலேசிய மின் வருகை அட்டையைப் போறதுக்கு 3 நாளைக்குள்ள நிரப்பணும். முந்தியே நிரப்புனா ஏத்துக்காது. நிரப்புனதோட படத்தைப் போன்ல வச்சுக்கங்க, துறைமுகத்துல நெட் எடுக்காது.

கடிகாரம்: சிங்கப்பூரும் பினாங்கும் ஒரே நேரம், நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி. அப்பா கையில பழைய வாட்ச் கட்டியிருந்தா விமானத்துலயே மாத்தி வச்சிருங்க.

---

மாட்டுத்தாவணி மணி:

சரி, இப்படி வச்சுக்கிறேன்: 10 மணிக்கு இறங்கி மாரியம்மன் கோயிலு, கடைத்தெரு, இலைச் சாப்பாடு, பெரனாக்கான் மாளிகை, செண்டோல், 4 மணிக்குத் திரும்புறது. மழை இல்லைன்னா கூ கொங்சி. ஒரே ஒரு சந்தேகம், மாரியம்மன் கோயிலுக்கு அப்பா வேட்டி கட்டணுமா?

---

திருப்பத்தூர் ரோடு:

பேண்ட் போதும், அரைக்கால் சட்டை மட்டும் வேண்டாம். பள்ளிவாசலுக்குள் போவதாக இருந்தால் தொழுகை இல்லாத நேரத்தில்தான் விடுவார்கள். பெண்களுக்குத் தலைமறைக்க அங்கேயே அங்கி தருவார்கள். நீங்கள் போகும் நாள் வெள்ளிக்கிழமையாக இருந்தால் மதியம் அந்தத் தெருவில் கூட்டம் நெருக்கும், அதற்கு முன்பே அந்த இடத்தைத் தாண்டிவிடுங்கள். செண்டோலை மாளிகைக்கு முன்பு வைக்காதீர்கள், ஒட்டிய கையோடு பிள்ளைகளை அந்தப் பீங்கான் அலமாரிகளுக்குப் பக்கத்தில் விட முடியாது.